கணினிக்கு ஒரு கேம் கன்ட்ரோலர்: கையைக் கடிக்காத விலையில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் முதன்முதலில் வாங்கிய கன்ட்ரோலர் எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒன்பதாவது மாதம் ஒருநாள், மலை விளிம்பில் என் கதாபாத்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் அது மெல்ல மெல்ல இடதுபக்கம் நகர்ந்து பள்ளத்தில் விழுந்து கிடந்தது. கன்ட்ரோலர் மேசைமேல் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை.

இதற்குப் பெயர் ஸ்டிக் டிரிஃப்ட். கட்டைவிரலால் தள்ளும் குட்டிக் குச்சிதான் ஸ்டிக்; விரல் படாமலே அது தள்ளப்பட்டதாகக் கணினி நினைத்துக்கொள்வது. அந்தக் கன்ட்ரோலரை நான் வாங்கியபோது பார்த்தவை பளபளக்கும் விளக்கு, கூடுதல் பட்டன்கள், அழகான டப்பா. பார்க்கத் தவறியது, ஸ்டிக்குக்கு அடியில் என்ன சென்சார் இருக்கிறது என்பதை. அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்குத்தான் இந்தத் தவறு அதிகம் வலிக்கும், ஏனென்றால் வருடத்துக்கு ஒன்று வாங்க நம்மால் முடியாது. அதனால் குறைந்த பணத்தை எந்த உறுப்பில் போட வேண்டும், எதில் தயங்காமல் குறைத்துக்கொள்ளலாம் என்பதை வாங்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: என்ன விளையாடுகிறீர்கள் என்று பாருங்கள்

கடைசி மூன்று மாதத்தில் நீங்கள் உண்மையிலேயே விளையாடிய கேம்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். விளையாட ஆசைப்படுபவற்றை எழுத வேண்டாம். அந்தப் பட்டியலே பாதி முடிவை எடுத்துத் தரும்.

கார் பந்தயம் அதிகமென்றால் பின்பக்கம் இருக்கும் ட்ரிகர்கள்தான் முக்கியம். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு வேகம் என்று படிப்படியாக உணரும் அனலாக் ட்ரிகர் கட்டாயம் வேண்டும். சண்டை கேம்களும் பழைய பாணி 2டி கேம்களும் என்றால் டி-பேட் எனப்படும் கூட்டல்குறி பட்டன் நன்றாக இருக்க வேண்டும். முப்பரிமாண சாகச கேம்கள், கால்பந்து போன்றவைக்கு இரண்டு ஸ்டிக்குகளும்தான் உயிர். துப்பாக்கிச் சண்டை கேம்களை மவுஸில் ஆடிப் பழகியவர்களுக்குக் கன்ட்ரோலரால் பெரிய லாபம் இல்லை. உத்தி வகுத்துப் படை நடத்தும் கேம்கள் மட்டுமே ஆடுபவர் என்றால், இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கேம் கன்ட்ரோலரை ஏற்குமா என்பதை, கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அந்த கேமின் பக்கத்திலேயே பார்க்கலாம். முழு ஆதரவு என்றிருந்தால் மெனுவில் தொடங்கிக் கடைசிவரை கீபோர்டைத் தொட வேண்டியதில்லை. பகுதி ஆதரவு என்றிருந்தால் பெயர் தட்டச்சு செய்ய, ஏதாவது ஒரு மெனுவைத் திறக்க என்று நடுநடுவே கீபோர்ட் தேவைப்படலாம்.

இரண்டாம் படி: எக்ஸ்-இன்புட் இருக்கிறதா?

மலிவான கன்ட்ரோலர் வாங்கி ஏமாறுபவர்களில் நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கருவி நன்றாக வேலை செய்யும், விண்டோஸும் அதைக் கண்டுகொள்ளும். கேம் மட்டும் அப்படியொரு கருவி இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. காரணம், கன்ட்ரோலர் பேசும் மொழியும் கேம் எதிர்பார்க்கும் மொழியும் வேறு வேறு.

விண்டோஸில் முதலில் இருந்தது டைரக்ட்-இன்புட். அதில் ஒரு கருவி தன் பட்டன்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களாக மட்டும் சொல்லும். எந்த எண் எந்தப் பட்டன் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒவ்வொரு கேமிலும் உட்கார்ந்து நாமே பொருத்த வேண்டும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற தன் கேம் கன்சோல் வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்-இன்புட் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. அதில் எல்லாம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டவை: இரண்டு ஸ்டிக், இரண்டு ட்ரிகர், அவற்றுக்கு மேலே இருக்கும் பம்பர் என்ற இரண்டு பட்டன்கள், டி-பேட், ஏ, பி, எக்ஸ், ஒய் என்ற நான்கு பட்டன்கள் என்று. ஒரே கணினியில் நான்கு கன்ட்ரோலர்கள்வரை சேரலாம். கேம் செய்பவருக்கு இது சுலபமாக இருந்ததால், அதற்குப் பின் வந்த விண்டோஸ் கேம்களில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்-இன்புட்டையே எதிர்பார்க்கின்றன.

ஆகவே டப்பாவிலோ விவரக் குறிப்பிலோ எக்ஸ்-இன்புட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘கணினியில் வேலை செய்யும்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது போதாது. டைரக்ட்-இன்புட் கருவியும் கணினியில் வேலை செய்வதுதானே. பல கன்ட்ரோலர்கள் இரண்டு மொழியும் பேசும். லாஜிடெக் எஃப்310 என்ற கன்ட்ரோலரின் பின்பக்கம் எக்ஸ், டி என்று இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நகரும் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அது டி பக்கம் போய்விட்டது தெரியாமல், கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேறு சில கன்ட்ரோலர்களில் ஸ்விட்ச் இருக்காது. ஹோம் பட்டனோடு இன்னொரு பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் மொழி மாறும். எது எதோடு என்பது கூடவே வரும் சின்னத் தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், போனில் ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கையில் டைரக்ட்-இன்புட் கன்ட்ரோலர் இருந்தால் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஸ்டீமுக்குள் இருக்கும் ஸ்டீம் இன்புட் என்ற வசதி அதை எக்ஸ்-இன்புட் மாதிரி கேமிடம் காட்டிவிடும். ஸ்டீமில் வாங்காத கேமைக்கூட ஸ்டீமின் பட்டியலில் சேர்த்து அதன் வழியாகத் தொடங்கினால் பெரும்பாலும் இது கைகொடுக்கும்.

எக்ஸ்-இன்புட்டின் ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நிர்ணயித்த பட்டன்களுக்கு மேல் எதற்கும் அதில் இடமில்லை. முதுகுப் பக்கம் நான்கு பட்டன் வைத்த கன்ட்ரோலர் வாங்கினாலும், எக்ஸ்-இன்புட் முறையில் அவை ஏ, பி போன்ற ஏற்கெனவே இருக்கும் பட்டன்களின் நகலாக மட்டுமே இயங்கும். கன்ட்ரோலரைச் சாய்ப்பதை உணரும் கைரோவுக்கும் அதில் வழியில்லை. கைரோ வேண்டுமென்றால் கன்ட்ரோலரை வேறு முறைக்கு மாற்றி ஸ்டீம் இன்புட் வழியாகத்தான் பெற வேண்டும். இது தெரியாமல் கூடுதல் பட்டனுக்கும் கைரோவுக்கும் பணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்தை அடுத்த படியில் போடுவது நல்லது.

மூன்றாம் படி: ஸ்டிக்குக்கு அடியில் என்ன இருக்கிறது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பழைய முறை ஸ்டிக்கில் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அந்தத் திருகுக்கு அடியில் இருப்பதும் அதே சமாச்சாரம்தான். கார்பன் பூசிய ஒரு தடத்தின்மேல் மெல்லிய உலோக நுனி ஒன்று உரசிக்கொண்டே நகரும். நுனி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அதை வைத்து ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். உரசல் என்றால் தேய்மானம். கார்பன் தேயத் தேய, நடுவில் நிற்கும்போது வரவேண்டிய அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும். தேய்ந்த துகளும் அங்கேயே சேரும். என் கதாபாத்திரம் பள்ளத்தில் விழுந்தது இதனால்தான்.

புதிய முறை ஹால் எஃபெக்ட் சென்சார். ஸ்டிக்கோடு ஒரு குட்டிக் காந்தம் நகரும், அதன் காந்தப்புலத்தை எதிரே இருக்கும் சென்சார் தொடாமலே அளக்கும். தொடாததால் தேய்வதற்கு ஒன்றும் இல்லை. எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1879-இல் கண்டறிந்த விளைவு இது. கன்ட்ரோலருக்கு இது வந்ததும் நேற்றல்ல: 1998-இல் ஜப்பானில் வெளியான சேகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரிலேயே காந்தம் வைத்த ஸ்டிக் இருந்தது. நடுவில் பல ஆண்டுகள் பெரிய நிறுவனங்கள் பொட்டன்ஷியோமீட்டரையே பயன்படுத்தி வந்தன. கடந்த சில ஆண்டுகளில் சின்ன நிறுவனங்கள் ஹால் ஸ்டிக்கை மலிவான கன்ட்ரோலருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதனால் இன்று ஒரு வினோதமான நிலைமை: பெரிய பெயருள்ள, விலை கூடிய கன்ட்ரோலரில் தேயும் ஸ்டிக், பெயர் அதிகம் கேள்விப்படாத, பாதி விலைக் கன்ட்ரோலரில் தேயாத ஸ்டிக். நம்மைப் போல எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

டிஎம்ஆர் என்ற இன்னொரு சொல்லும் இப்போது அடிபடுகிறது. இதுவும் காந்தம்தான், இதிலும் உரசல் இல்லை. காந்தப்புலத்துக்கு ஏற்ப மின்தடை மாறுவதை அளக்கும் முறை. ஹார்ட் டிஸ்க்கின் வாசிப்பு முனைகளில் நீண்டகாலமாக இருக்கிற நுட்பம். ஹாலைவிடக் குறைந்த மின்சாரத்தில் நுணுக்கமாக அளக்கும், வயர்லெஸ் கன்ட்ரோலரில் பேட்டரிக்கு நல்லது. ஒரே விலையில் ஹாலும் டிஎம்ஆரும் கிடைத்தால் டிஎம்ஆரை எடுங்கள். விலை கூடினால் ஹாலே போதும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சாதாரணமாக விளையாடும்போது விரலில் தெரியாது.

ஹால் என்று எழுதியிருந்தாலே போதும் என்று விட்டுவிடவும் கூடாது. சென்சார் தேயாது என்றாலும் ஸ்டிக்கை நடுவுக்குத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளரலாம். ஸ்டிக்கின் கழுத்து வளையத்தில் உரசி வெள்ளைத் தூள் உதிரலாம். சில கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கில் மட்டும் ஹால் இருக்கும், ட்ரிகரில் இருக்காது. சிலவற்றில் நேர்மாறாக ட்ரிகரில் மட்டும் ஹால் வைத்துவிட்டு, டப்பாவில் ‘ஹால் எஃபெக்ட்’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். எந்த உறுப்பில் என்று தேடிப் படியுங்கள். நமக்கு வேண்டியது முதலில் ஸ்டிக்கில்.

இன்னொன்று டெட்ஸோன். ஸ்டிக்கின் நடுப்பகுதியில், இந்த எல்லைக்குள் அசைந்தால் அசைவாக எடுத்துக்கொள்ளாதே என்று விடும் இடைவெளி அது. சில மலிவுக் கன்ட்ரோலர்கள் உள்ளேயே பெரிய டெட்ஸோனை வைத்து ஸ்டிக்கின் குறையை மறைத்துவிடும். கடையில் பார்க்கும்போது டிரிஃப்டே இல்லாத மாதிரி தெரியும். வீட்டில் வந்து மெதுவாகக் குறி வைக்கப் பார்த்தால் முதலில் ஒன்றும் நகராது, பிறகு சட்டென்று குதிக்கும். இதைக் கண்டுபிடிக்கும் முறையைக் கீழே சோதனைப் பகுதியில் சொல்கிறேன்.

நான்காம் படி: ட்ரிகர், டி-பேட், பட்டன்கள்

ட்ரிகரில் ஒரே கேள்விதான்: அனலாகா, இல்லையா? எக்ஸ்-இன்புட்டில் ட்ரிகரின் அழுத்தம் 0 முதல் 255 வரையான அளவாகப் போகிறது. அனலாக் இல்லாத ட்ரிகர் 0 அல்லது 255 மட்டும்தான் அனுப்பும். பந்தயத்தில் அது, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதி அல்லது காலை எடு என்று இரண்டே வாய்ப்புள்ள கார் ஓட்டுவதற்குச் சமம். நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ப்ரோ கன்ட்ரோலரிலும், அதைப் பார்த்துச் செய்யப்பட்ட பல மலிவுக் கன்ட்ரோலர்களிலும் ட்ரிகர் இப்படித்தான் வெறும் பட்டனாக இருக்கும். அவற்றில் ஏ, பி இடமும் எக்ஸ், ஒய் இடமும் மாறியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். திரை ஏ-யை அழுத்து என்று சொல்லும்போது கட்டைவிரல் பி-க்குப் போகும்.

டி-பேடில் பார்க்க வேண்டியது, வலதுபக்கம் அழுத்தும்போது தவறுதலாக மேல்வலது பதிகிறதா என்பது. கையில் எடுத்துப் பார்க்காமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. 2டி கேம் ஆடாதவர்கள் இதற்குக் கவலைப்படவே வேண்டாம்.

பட்டன்கள் ரப்பர் சவ்வா, க்ளிக் என்று ஒலிக்கும் ஸ்விட்ச்சா என்பது ரசனை. ரப்பர் அமைதியாக இருக்கும். இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது அதன் அருமை தெரியும்.

அதிர்வு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்பேன். நல்ல கன்ட்ரோலரில் இடது கைப்பிடியில் கனமான ஒரு மோட்டார், வலதில் லேசான ஒன்று என இரண்டு இருக்கும். கனமானது வெடிப்பையும் மோதலையும், லேசானது நுண்ணிய அதிர்வையும் தரும். ஒரே மோட்டார் வைத்த கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உறுமும்.

ஸ்டிக்குகள் இரண்டும் நேர்வரிசையில் இருக்க வேண்டுமா, இடது ஸ்டிக் மேலே இருக்க வேண்டுமா என்று நிறைய வாதம் நடக்கும். இரண்டு நாளில் கை பழகிவிடும். அதைவிட முக்கியம் அளவு. சின்னப் பிள்ளைகள் ஆடுவதற்கு என்றால் ஆள்காட்டி விரல் ட்ரிகர் முனையை எட்டுகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: கேபிளா, வயர்லெஸ்ஸா?

மேசையில் உட்கார்ந்து ஆடுபவருக்கு நான் முதலில் சொல்வது கேபிள் கன்ட்ரோலர்தான். அதே விலையில் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போகிற பணம் ஸ்டிக்குக்கும் ட்ரிகருக்கும் போகும். சார்ஜ் கவலை இல்லை. நாலைந்து வருடம் கழித்துப் பேட்டரி செத்துப்போகும் பிரச்சினையும் இல்லை. கேபிள் கழற்றி மாட்டும்படி இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கேபிள் கன்ட்ரோலரில் முதலில் அறுந்துபோவது கேபிள் நுழையும் கழுத்துதான்.

சோபாவில் சாய்ந்து ஆடத்தான் வேண்டுமென்றால் வயர்லெஸ்ஸில் இரண்டு வழி. ஒன்று, கூடவே வரும் குட்டி டாங்கிளைக் கணினியில் சொருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு. மற்றது ப்ளூடூத். நான் பரிந்துரைப்பது டாங்கிள் உள்ளதை. ப்ளூடூத் உங்கள் கணினியில் இருக்கும் ப்ளூடூத்தின் தரத்தை நம்பியிருக்கிறது. ஹெட்போனும் மவுஸும் அதே ப்ளூடூத்தில் ஓடினால் நடுநடுவே தடுமாறலாம். அதோடு, சில கன்ட்ரோலர்களில் ப்ளூடூத் என்று போட்டிருப்பது போனுக்கு மட்டும்தான். கணினியில் டாங்கிளோ கேபிளோதான் என்று விவரக் குறிப்பின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

டாங்கிள் வாங்கியும் இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்றால் அது எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 துளையும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இரைச்சலைக் கிளப்பும். 2012-இல் இன்டெல்லே இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. பக்கத்திலேயே வெளி ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். டாங்கிளை யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு மேசைக்கு மேலே கன்ட்ரோலர் கண்ணில் படும்படி வையுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

விளம்பரத்தில் 1000 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போடுவார்கள். கன்ட்ரோலர் ஒரு வினாடியில் எத்தனை முறை தன் நிலையைக் கணினிக்குச் சொல்கிறது என்பது அது. 125 முறை என்றால் 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை, 1000 முறை என்றால் 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை. வினாடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 16.7 மில்லிவினாடி இருக்கிறது. கூடுதல் எண் நல்லதுதான். ஆனால் அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியது போட்டி மனப்பான்மையோடு ஆடுபவர்கள் மட்டும்.

பேட்டரியில், சாதாரண ஏஏ செல் போடும் கன்ட்ரோலரைக் குறைவாக நினைக்காதீர்கள். ரீசார்ஜ் செய்யும் செல் இரண்டு செட் வாங்கி வைத்தால் ஒன்று தீர்ந்ததும் மற்றதை மாற்றி அரை நிமிடத்தில் விளையாட்டைத் தொடரலாம். செல் செத்தால் செல்லை மட்டும் மாற்றினால் போதும்.

ஆறாம் படி: வாங்குவதற்கு முன் வீட்டில் தேடுங்கள்

பழைய கேம் கன்சோல் இருக்கும் வீடு, உறவினர் வீடு, நண்பர் வீடு. அங்கே சும்மா கிடக்கும் கன்ட்ரோலர்தான் உலகத்திலேயே விலை குறைந்தது.

பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 கணினியில் கேபிளிலும் ப்ளூடூத்திலும் இயங்கும். ஷேர் பட்டனையும் நடுவில் இருக்கும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விளக்கு இரட்டையாகச் சிமிட்டும். அப்போது கணினியின் ப்ளூடூத் பட்டியலில் தேடினால் வரும். ஸ்டீம் 2016-இலிருந்தே அதை நேரடியாக ஏற்கிறது, கைரோவும் கிடைக்கும்.

எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் என்றால் எந்தக் காலத்தது என்று பார்க்க வேண்டும். 2013-இல் வந்ததில் ப்ளூடூத் கிடையாது, 2016-இல் வந்ததிலிருந்துதான் உண்டு. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்: நடுவில் ஒளிரும் பட்டனைச் சுற்றியுள்ள பகுதி மேலே பம்பர்களோடு ஒரே துண்டாகச் சேர்ந்திருந்தால் பழையது. முன்பக்க மூடியின் பகுதியாகவே இருந்தால் ப்ளூடூத் உள்ளது. பழையதும் கேபிளில் அருமையாக வேலை செய்யும்.

இங்கே ஒரு முழு மாலை நான் இழந்த கதையைச் சொல்லியாக வேண்டும். நண்பர் கொடுத்த கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்தேன். விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது, கணினி மட்டும் கண்டுகொள்ளவில்லை. டிரைவரை நீக்கினேன், மறுபடி போட்டேன், கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். கடைசியில் குற்றவாளி கேபிள். அது ஏதோ ஒரு டார்ச் விளக்கோடு வந்த சார்ஜிங் கேபிள். உள்ளே மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும்தான், தகவல் போகும் கம்பிகளே இல்லை. போனிலிருந்து கணினிக்குப் படம் நகல் எடுக்கப் பயன்படும் கேபிளை மாட்டியதும் ஒரு வினாடியில் இணைந்தது. கன்ட்ரோலர் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பயன்படுத்திய கன்ட்ரோலரைக் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், நேரில் சோதித்துப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். புகழ்பெற்ற கன்ட்ரோலர்களுக்குப் போலிகள் ஏராளம். போலி டூயல்ஷாக்கில் வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும். டச்பேட் சரியாக வேலை செய்யாது, கைரோ தடுமாறும், பிளாஸ்டிக் இணைப்பில் விரலை ஓட்டினால் விளிம்பு கீறும். புதியது என்ற பெயரில் வழக்கமான விலையில் கால்பங்குக்குக் கிடைத்தால் அது அசல் இல்லை.

ஏழாம் படி: பெயர் சொல்லிப் பார்ப்போம்

கேபிள் போதும் என்பவர் கேம்சர் ஜி7 எஸ்இ-யைப் பாருங்கள். ஸ்டிக், ட்ரிகர் இரண்டிலும் ஹால், பின்னால் இரண்டு பட்டன், கழற்றக்கூடிய கேபிள், எக்ஸ்பாக்ஸுக்கும் உரிமம் பெற்றது. வயர்லெஸ் வேண்டுவோருக்கு எயிட்பிட்டூ அல்டிமேட் 2சி: இதிலும் ஸ்டிக், ட்ரிகர் இரண்டும் ஹால், டாங்கிள் வழியாக 1000 ஹெர்ட்ஸ். இதன் ப்ளூடூத் ஆண்ட்ராய்டுக்கானது என்பதை மறக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டிஎம்ஆர் ஸ்டிக் வைத்த கேம்சர் சைக்ளோன் 2.

லாஜிடெக் எஃப்310 பல வருடமாக எல்லோரும் சொல்லும் பெயர். உறுதியானது, எளிமையானது. ஆனால் அதிர்வு கிடையாது, ஸ்டிக் பழைய முறை. அதே விலைக்கு அருகில் ஹால் ஸ்டிக் கிடைக்கும் இன்று அதை நான் முதலில் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்டின் தற்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் கையில் உட்காரும் விதமும், கன்ட்ரோலரை ஏற்கும் பெரும்பாலான கேம்களில் எந்த அமைப்பும் செய்யாமல் இயங்குவதும் மிக அருமை. ஸ்டிக் மட்டும் பொட்டன்ஷியோமீட்டர். தள்ளுபடியில் கிடைத்தால் தயங்க வேண்டாம், அதன் வாரன்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரே பெயரில் லைட், எஸ்இ, ப்ரோ, 2, 2சி என்று வால் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். ஒரு எழுத்து மாறினால் சென்சாரே மாறிவிடும். நீங்கள் படித்த மதிப்புரையும் கூடையில் போட்டிருக்கும் பொருளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

எட்டாம் படி: வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. பத்து நிமிடம் போதும். விண்டோஸின் தேடல் பெட்டியில் கேம் கன்ட்ரோலர் என்று ஆங்கிலத்தில் தேடினால் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர் அமைப்பு வரும். அதைவிடத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் என்று தேடி ஏதாவது ஒன்றைத் திறங்கள். அங்கே ஸ்டிக்கின் நிலை நடுவில் 0, விளிம்பில் 1 (எதிர்ப்பக்கம் -1) என்ற எண்ணாகத் தெரியும்.

கன்ட்ரோலரை மேசையில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு ஸ்டிக்கும் 0-க்கு அருகில் நிற்க வேண்டும். 0.03, 0.04 என்று இருந்தால் கவலை இல்லை. புதுக் கன்ட்ரோலரில் 0.1-ஐத் தாண்டினால் நான் யோசிக்காமல் திருப்பி அனுப்புவேன். அடுத்து ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி, சட்டென்று விடுங்கள். எட்டுத் திசையிலும் இப்படிச் செய்து ஒவ்வொரு முறையும் எண் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஒரு திசையிலிருந்து மட்டும் நடுவுக்குத் திரும்பாமல் நின்றால் ஸ்பிரிங் சரியில்லை.

இப்போது டெட்ஸோன் சோதனை. ஸ்டிக்கின் தலையை விரல்நுனியால் மிக மிக மெதுவாக, கடிகார முள் நகர்வது போலச் சாயுங்கள். எண் 0.01, 0.02 என்று ஏறினால் நல்லது. வெகுநேரம் 0-விலேயே நின்று திடீரென்று 0.15-க்குத் தாவினால், உள்ளே பெரிய டெட்ஸோனை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்னர் விளிம்போடு ஒட்டி மெதுவாக ஒரு வட்டம் சுற்றுங்கள். மேல், கீழ், இடது, வலது நான்கு பக்கத்திலும் 1-ஐயோ -1-ஐயோ எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் கேமில் அந்தப் பக்கம் மட்டும் ஓட்டம் நடையாகிவிடும்.

ட்ரிகரை அதே பொறுமையோடு அழுத்தி, எண் படிப்படியாக ஏறி முழுதாக 1-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டு ட்ரிகரையும் ஒன்றாக அழுத்தும்போது ஒன்றையொன்று ரத்து செய்தால் கன்ட்ரோலர் டைரக்ட்-இன்புட் முறையில் மாட்டிக்கொண்டிருக்கலாம், முறையை மாற்றுங்கள். வயர்லெஸ் என்றால் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கே போய், கன்ட்ரோலரை மடியில் வைத்து ஒரு பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே திரையில் விடுபடுகிறதா என்று பாருங்கள். மடியும் முழங்காலும் அலையை மறைக்கும், மேசைக்கு அருகில் நின்று சோதித்தால் இது தெரியாது.

எல்லாம் சரி என்றால் தயாரிப்பாளரின் மென்பொருளைப் போட்டு, கன்ட்ரோலருக்கு உள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். ஹால் ஸ்டிக் கன்ட்ரோலர்களில் நடுப்புள்ளியைச் சரிசெய்யும் கேலிபரேஷனும் பெரும்பாலும் இருக்கும். சோதனையில் 0.05, 0.06 என்று கொஞ்சம் கூடுதலாகக் காட்டிய ஸ்டிக் அதைச் செய்ததும் ஒழுங்குக்கு வந்துவிடும்.

கேமில் ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை பதிகிறதா? கேமும் ஸ்டீம் இன்புட்டும் ஒரே நேரத்தில் கன்ட்ரோலரைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த கேமுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிடுங்கள்.

டிரிஃப்ட் வந்த பழைய கன்ட்ரோலர்

தூக்கிப் போட வேண்டாம். ஸ்டிக்கின் இடுக்கில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஓரிரு துளி விட்டுச் சுற்றினால் துகள் விலகிச் சில வாரம் ஓடலாம். கார்பன் தேய்ந்தது தேய்ந்ததுதான், மறுபடி வரும். சால்டரிங் தெரிந்தவர் என்றால் ஸ்டிக் பாகத்தையே மாற்றலாம். ஆனால் ஒரு ஸ்டிக்குக்குப் பெரும்பாலும் 14 இடங்களில் ஈயம் எடுக்க வேண்டியிருக்கும். முதல்முறையாகச் செய்பவர் பலகையையே கருக்கிவிடும் வாய்ப்பு அதிகம், அதனால் ஏற்கெனவே வீணான பலகையில் பழகிவிட்டுத் தொடுங்கள்.

நான் என் பழையதில் சால்டரிங் செய்யவில்லை. ஸ்டீம் இன்புட்டில் இடது ஸ்டிக்கை முழுக்க அணைத்துவிட்டு, டி-பேடில் மட்டும் ஓடும் 2டி கேம்களுக்கு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால் இரண்டாவது ஆட்டக்காரர் கையில் அதைத்தான் கொடுக்கிறேன்.